பன்னிரண்டாம் வீட்டு அடுப்பு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கரமனை ஆற்றுப் பக்கம் வீடு. அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்து இங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் பார்த்தது மைக்காடு வேலை. சித்தாள் வேலையை இங்கே அப்படிச் சொல்வார்கள். மண் குழைப்பேன், செங்கல் சுமப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் புகையில்லா அடுப்பு கட்டச் சர்க்காரில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆண் கொத்தனார் அடுக்களைக்குள் வந்தால் பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள், எந்தப் பானை வைப்போம், எவ்வளவு உயரம் வேண்டும் என்று வாய் திறக்க மாட்டார்கள். அதனால் பெண்களை எடுத்தார்கள். பத்து நாளில் கற்றுக்கொண்டேன். கஷ்டமான வேலை இல்லை. செங்கல், களிமண், சாணி, உமி. நடுவில் இரும்பு அச்சு. முன் குழியில் தீ எரியும், உள்ளே ஒரு துளை வழியாகச் சூடு பின் குழிக்குப் போகும், அதன் பின்னால் பைப் வழியாகப் புகை கூரைக்கு மேலே போய்விடும். பைப் தலையில் மழை விழாமல் ஒரு தொப்பி. துளை ஒரு விரல் அதிகமானால் சூடு ஓடிவிடும். ஒரு விரல் குறைந்தால் புகை திரும்பி முகத்தில் அடிக்கும். அந்த அளவு என் கைக்குச் சீக்கிரம் வந்தது.

வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே லயங்களில் இருந்தவர்கள் தமிழ் ஆட்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ கொண்டுவரப்பட்டவர்கள். தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். கிழக்கேகோட்டையிலிருந்து நெடுமங்காடு வழியாக பஸ். வித்துராவில் இறங்கி, ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் நடை. வாரத்தில் நாலு நாள் மேலேயே தங்குவேன்.

லயம் என்றால் நீளமாக ஒரே கட்டடம், ஒரே தகரக் கூரை. அதில் பன்னிரண்டு வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை. அங்கே விறகு என்றால் கவாத்து செய்து தள்ளிய தேயிலைக் குச்சிதான். மழையும் மஞ்சும் விடாத இடம், குச்சி காயவே காயாது. ஈரக்குச்சி எரிந்தால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலை அஞ்சு மணிக்கு அந்த லயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடமே புகைவது போல இருக்கும். உள்ளே போனால் சுவர் கறுப்பு, கூரை கறுப்பு, பெண்களின் கண் சிவப்பு.

முதல் நாள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"புகை இல்லாட்டி கொசுவ யாரு விரட்டுவா? உங்க சர்க்காரா வந்து விரட்டும்?" என்றாள் ஒருத்தி.

"குளிருக்கு என்ன செய்ய? தீயக் குழிக்குள்ள போட்டு மூடிட்டா நாங்க எங்க காய?"

"ஏ தங்கச்சி, உன் வீட்லயும் இதே அடுப்பா?"

"இல்ல. மண்ணெண்ணெய் ஸ்டவ்."

பெரிய சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

சிரிக்காமல் நின்றவள் பன்னிரண்டாம் வீட்டுக்காரி. அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாச்சு. அவள் வீடு லயத்தின் கடைசி, மலைச் சரிவை ஒட்டியது. ஒரு பக்கம் மண் மேடு, ஜன்னல் கிடையாது. மற்ற வீடுகளில் புகை பின்பக்கமாவது போகும். அவள் வீட்டில் உள்ளேயே சுற்றும். அவளுக்கு இருமல் உண்டு. பேசும்போது நடுவில் நிறுத்தி, சேலைத் தலைப்பை வாயில் வைத்து இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசுவாள்.

"எனக்கு முதல்ல கட்டித் தாயேன். ராத்திரி படுக்க முடியல" என்றாள்.

"வரிசைப்படிதான்க்கா கட்டணும். ஒண்ணுலேருந்து."

வரிசை என்று யாரும் சொல்லவில்லை. மண் குவித்திருந்தது முதல் வீட்டுப் பக்கம். சுமக்க எனக்குச் சோம்பல். அதுதான் காரணம்.

ஒவ்வொரு அடுப்புக்கும் மேலே சுவரில் நம்பர் எழுத வேண்டும். நீலப் பெயிண்ட். பரிசோதிக்க வரும் சார் அந்த நம்பரையும் கையிலிருக்கும் தாளையும் ஒத்துப் பார்ப்பார். முறைப்படி அடுப்பு கட்டி முடித்த பிறகுதான் நம்பர். மேலே மஞ்சில் பெயிண்ட் காய ரெண்டு மூணு நாள் ஆகும், டின்னைத் திறந்தால் மூடி வைத்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் அடுப்புக் கட்டும் நாங்கள் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். டின்னைத் திறந்த அன்றே எல்லா வீட்டுக்கும் நம்பர் எழுதிவிடுவோம். அடுப்பு பின்னால் வரும். யாருக்கும் அதில் தப்பாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பதினொரு வீடு முடிந்தது. பன்னிரண்டாம் வீட்டுக்கு வைத்திருந்த பைப், ஜீப்பில் வரும்போது விழுந்து நீளவாக்கில் விரிந்துவிட்டது. வேறு பைப் கேட்டு ஆள் சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வரும் என்றார்கள். அடுத்த வாரத்துக்குள் சார் வந்துவிட்டார்.

சொல்லாமல் வந்தார். மழை. ஒவ்வொரு வீடாகக் காட்டினேன். காகிதத்தைக் கொளுத்தி அடுப்பு வாயில் காட்டுவார், புகை உள்ளே இழுத்தால் தலையாட்டுவார். நன்றாக இழுத்தது. அஞ்சாவது வீட்டில் என்னைப் பார்த்து, "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எட்டாவது வீடு வரும்போது ஜீப் டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார், ஒரு லயத்தில் ஒன்று குறைந்தாலும் முழு லயத்தையும் திருப்பி அனுப்புவேன், போன மாசம் ஒருத்தியை அப்படித்தான் நிறுத்தினேன் என்று. எனக்காகச் சொன்னாரா என்று தெரியாது. என் காதில் விழுந்தது.

பதினோராம் வீட்டு வாசலில் அவர் காலில் அட்டை ஏறிவிட்டது. பாண்டைத் தூக்கி ஒற்றைக் காலில் குதித்தார். டிரைவர் உப்பு தேடி ஓடினான். "சாரே, அதும் பரிசோதனைக்கு வந்ததாணு" என்றான் அவன். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. போனால் போதும் என்று இருந்தார்.

பன்னிரண்டாம் வீட்டுக்குள் அவர் நுழையவே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே புகை. மூன்று கல் வைத்த பழைய அடுப்பில் அவள் கஞ்சி வைத்திருந்தாள். அந்தப் புகைக்குள்ளும் நீல நம்பர் தெரிந்தது. பன்னிரண்டு. அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அவளைக் கேட்டார்.

"அம்மச்சி, அடுப்பு கிட்டியோ?"

கிடைத்ததா என்று கேட்கிறார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு மொழி தெரியாது என்பது போல அவரிடம் திரும்பி, "கிட்டி சாரே" என்றேன்.

அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை.

அவர் தாளில் கோடு போட்டார். கைநாட்டு வேண்டும் என்று மைப் பெட்டியை என்னிடம் நீட்டினார். நான் அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் தொட்டு, தாளில் வைத்து அமுக்கினேன். விரலில் தேயிலைக் கறை, பிளவு பிளவாக இருந்தது. மை பிளவுக்குள் போய்விட்டது.

ஜீப் போன பிறகு அவளிடம் சொன்னேன். "பைப் வந்ததும் வந்து கட்டிருவேன்க்கா. நம்பர மட்டும் அழிச்சிராதீங்க. அழிஞ்சா பெறவு கிடைக்காது."

"அழிக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு மழை பிடித்தது. ரோட்டில் மண் சரிந்து ஜீப் போகவில்லை. மழை விட்டபோது என்னைக் கடற்கரைப் பக்கம் அனுப்பினார்கள், விழிஞ்ஞத்தில் அடுப்புக் கட்ட. பைப் வந்ததாம், அதை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். தாளில் பன்னிரண்டும் முடிந்ததாக இருக்கும்போது பதின்மூன்றாவது பைப் எதற்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கேட்கவில்லை. என் மகளுக்கு மஞ்சக்காமாலை வந்தது. அந்த வருஷம் போனது. முதல் வருஷம் போகாததற்குக் காரணம் கேட்டால் சொல்வேன். அதற்குப் பிறகு போகாததற்குக் காரணம் இல்லை. வித்துரா பஸ் தினமும் கிழக்கேகோட்டையில் நிற்கும். போர்டைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வேன்.

இடையில் எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது. முதல் நாள் பால் காய்ச்சினோம். ஒரு துளி கறுப்பு இல்லை, பாத்திரத்தின் அடி பளபளவென்று இருந்தது. மகள் கைகொட்டினாள். எனக்கு அந்த வீட்டு ஜன்னல் இல்லாத சுவர் ஞாபகம் வந்தது. பாலை இறக்கி வைத்துவிட்டு முற்றம் பெருக்கப் போனேன்.

எட்டு வருஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் விளக்கு. எஸ்டேட்டில் வேலை பாதிக்குப் பாதி நின்று, லயங்களில் கரண்டும் இல்லாமல் போயிருந்தது. தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஜீப்பில் விளக்குப் பெட்டிகளோடு ஏறினேன். லிஸ்ட் என் மடியில் இருந்தது. மேல் லயத்துக்கு மட்டும்தான் விளக்கு. நான் அடுப்புக் கட்டிய கீழ் லயத்தின் பேரே இல்லை. கூட வந்த ஆபீஸ் பையனிடம் ஏன் என்று கேட்டேன்.

"அவர்க்கு அடுப்பு கொடுத்ததல்லே சேச்சி? ஒரு வீட்டுக்கு ஒண்ணு, அதாணு ரூல்."

பதினொரு வீட்டுக்கு அது சரி. அவர்களிடம் அடுப்பாவது இருக்கிறது.

மேல் லய முற்றத்தில் விளக்குக் கொடுத்தோம். பலகையை வெயில் பக்கம் வைக்கணும், தண்ணீர் படக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். வெயில் எங்கே இருக்கிறது என்று ஒருத்தன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வரிசை முடிகிற இடத்தில் ஒரு இருமல் கேட்டது. தலை நிமிராமலே தெரிந்துவிட்டது.

வரிசையில் நின்றிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். இடது கண்ணில் தண்ணீர் வடிந்தபடி இருந்தது. முறை வந்ததும் முன்னால் வந்தாள்.

"நல்லாருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்க்கா." லிஸ்டைப் பார்ப்பது போலப் பார்த்தேன். "உங்க பேர் இதுல இல்லக்கா."

"பேர் இல்லாட்டி என்ன? நம்பர் இருக்கே."

"அது அடுப்பு நம்பர்க்கா. இது வேற."

"வந்து பாத்துட்டுச் சொல்லு. அழிக்காமத்தான் வச்சிருக்கேன்."

கீழே இறங்கிப் போனோம். வழியில் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அடுக்களைக்குள் போனேன். அதே மூன்று கல். சுவருக்கு வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள் போல, ஓரங்களில் வெள்ளை தெரிந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் நீல நம்பர். அதைச் சுற்றிச் சுற்றி அடித்திருந்தாள். எண்ணின் மேல் ஒரு சொட்டுக் கூடப் படவில்லை. எட்டு வருஷச் சுண்ணாம்பு சுற்றிலும் ஏறியதில் நம்பர் இருந்த இடம் பள்ளமாகியிருந்தது. மேலே படிந்த கரியைத் துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்வா. சாமி படம் மாதிரி துடைக்கியேன்னு" என்றாள்.

வந்து கட்டித் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அங்கே ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

அடுத்த வாரம் போனேன். சாலைக் கடைத்தெருவில் ரெண்டு பைப் துண்டும் தொப்பியும் வாங்கினேன். அச்சு, பழைய பயிற்சிக் கூடத்தில் துருப்பிடித்துக் கிடந்தது, கேட்டு வாங்கி வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் பைப்பைப் பார்த்தான்.

"இது யாரு சேச்சி, கூட வந்த ஆளோ? இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"எடு. ரெண்டு."

அவன் வேடிக்கைக்குச் சொன்னது. நான் எடுக்கச் சொன்னதும் விழித்தான். பைப்பை ஜன்னலோரம் நிறுத்தி, போகும் வழியெல்லாம் மேலே கை போட்டுப் பிடித்துக்கொண்டு போனேன்.

வேலைக்கு ஆள் வைக்கவில்லை. மண்ணை நானே சுமந்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து உமி புடைத்துக் கொடுத்தாள். அடுப்புக்கு அளவாக அவளுடைய கஞ்சிப் பானையைக் கேட்டு வாங்கிக் குழியில் வைத்துப் பார்த்தேன். பாதி வேலையில், களிமண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு அந்த சார் வந்தப்போ..."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கிட்டின்னு சொன்னே. நான் பொறந்ததே இந்த மலையிலதான் ஏட்டி. பொறந்ததுலேருந்து எஸ்டேட் கண்டக்டரும் கணக்கு ரைட்டரும் மலையாளத்துலதான் ஏசுதானுவ. கிட்டின்னா எனக்குத் தெரியாதா?"

என் கை நின்றுவிட்டது.

"பெறவு ஏன்க்கா சொல்லல? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீ என் விரலப் புடிச்சே. என் முகத்தப் பாக்காமலே அமுக்குனே. சரி, வேலைக்கு வந்த புள்ள, நான் இல்லன்னு சொன்னா அவன் உன்னத் துரத்திருவான். பைப் வந்தா வருவா, கட்டுவான்னு விட்டுட்டேன்." இருமினாள். தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தொடர்ந்தாள். "நீ இவ்வளவு நாள் எடுப்பேன்னு நினைக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் தாமதமானது போலச் சொன்னாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு இடம் கிடைத்திருக்கும், காலில் விழவோ பதில் சொல்லவோ. அது கிடைக்கவில்லை. களிமண்ணைத் தட்டி முடித்தேன். துளையின் அளவை நாலு தடவை விரல் விட்டுப் பார்த்தேன். தகரத்தை வெட்டி பைப்பை ஏற்றி, தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் பூசினேன்.

காகிதம் கொளுத்திக் காட்டினேன். இழுத்தது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன், பைப் தலையில் ஒரு இழை புகை.

"பத்து நாள் காயணும்க்கா. அதுவரை தீ வைக்கக் கூடாது."

"எட்டு வருஷம் இருந்தாச்சு. பத்து நாளா பெருசு?" என்று சிரித்தாள். "இனி நம்பர் மேல சுண்ணாம்பு அடிக்கலாமா? யாரும் பாக்க வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க. அடிங்க."

விளக்கு ஆபீசுக்கும் போனேன். பன்னிரண்டாம் வீட்டுக்கு அடுப்பு கிடைக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன், அவளுக்கு விளக்காவது கொடுங்கள் என்று சொன்னேன். அங்கே இருந்தவர் பழைய தாளைத் தேடி எடுத்துக் காட்டினார். கோடு இருந்தது, கைநாட்டு இருந்தது. பிளவு பிளவான அந்த விரல். "இப்போள் அடுப்பு உண்டோ?" என்று கேட்டார். உண்டு என்றேன். "பின்னெ எந்து?" பிறகென்ன என்று தாளை மடக்கினார்.

பதினைந்தாம் நாள் மறுபடியும் மலைக்குப் போனேன். கூப்பிடவில்லை, நானாகத்தான். மழை இல்லை. காலை நேரம். பன்னிரண்டு பைப்பிலும் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பைப் மட்டும் புதுசு, இன்னும் கறுக்கவில்லை. அதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, இருந்தது.

பிறகு லயத்தின் முனையைத் தாண்டும்போதே அந்த இருமல் கேட்டது. முன்னைப் போலவேதான்.

உள்ளே போனேன். அடுக்களையில் புகை இல்லை. மேல் தகரம் வரை தெளிவாகத் தெரிந்தது. சுவருக்கு முழுசாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். ஒரு தடவை அடித்ததில் பள்ளம் மூடவில்லை. வெள்ளைக்குள் வெள்ளையாகப் பன்னிரண்டு தெரிந்தது.

"இருமல் குறையலியாக்கா?"

"வித்துரா ஆஸ்பத்திரியில காமிச்சேன். நெஞ்சு கெட்டுப் போச்சாம். புகை படாம இருங்கன்னாரு டாக்டர். இப்போ எங்க வீட்ல புகையே இல்ல சாரேன்னேன்." சிரித்தாள், இருமினாள். "உக்காரு. ரெண்டு குழியும் எரியுது. ஒண்ணுல கஞ்சி, ஒண்ணுல உனக்குச் சாயா."

பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். எஸ்டேட் தூள், கடுப்பு கூடுதல். போகும்போது ஒரு காகிதத்தில் அந்தத் தூள் கொஞ்சம் மடித்துக் கையில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாங்கிக்கொண்டேன்.